ஒற்றையாக இருக்க வேண்டியது

திசையன்விளைத் தேரியில் பறித்த நிலாவரை
நிழலில் காய்ந்து, மெத்தனாலில் ஊறி,
நாலு மாதம் கழித்து
ஒரு கண்ணாடிக்குழாயின் அடியில்
ஆறு மில்லிகிராம் மஞ்சள்.
பஞ்சு சுற்றிச் சென்னைக்கு அனுப்பினோம்.
திரும்பி வந்தது
மின்னஞ்சலில் ஒரு கோப்பு.

ஒரு தடவைக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
மறுபடி எடுக்க மூன்று வாரம் வரிசை.
ஆகவே இந்த ராத்திரி
வண்ணார்பேட்டை மாடியறையில்
நானும் மடிக்கணினியும்
ஐந்து புள்ளி ஒன்று இரண்டில்
கூன் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மேடும்.

உள்ளே எத்தனை பேர் என்று சொல்லாமல்
கதவைச் சாத்திக்கொண்ட வீடு அது.

காந்தத்துக்குள் தட்டி எழுப்பிய அணுக்கள்
ஒரு நொடி, இரண்டு நொடி முனகிவிட்டு
அடங்கிப்போகின்றன.
சீக்கிரம் அடங்கினால் கோடு தடிக்கும்.
மென்பொருள் செய்வது இவ்வளவுதான்:
அடங்கப்போகும் வாலைத் தூக்கிப் பிடித்து
இன்னும் கொஞ்சம் பேசு என்கிறது.
வாலில் பாதி இரைச்சல்.
அதுவும் பேசும்.

மைனஸ் ஒன்று என்று தட்டினேன்.
மேட்டின் தலை தட்டையானது.
மைனஸ் ஒன்றரை. தோள்கள் தெரிந்தன.
மைனஸ் இரண்டு.
நான்கு கோடுகள்; நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
மைனஸ் மூன்று.
ஏழு.

ஏழா?
கேட்டால் பன்னிரண்டும் தரும் போலிருந்தது.
புதுச் சேர்மம் என்று சொல்ல
ஏழு போதும். சாருக்கும் போதும்.
ஆய்விதழுக்கும் போதும்.

ஜன்னலுக்கு வெளியே பைபாஸ்.
ஆற்றுப்பாலத்துக்கு அந்தப்பக்கம்
வெளிச்சம் ஒன்றாகத்தான் வரும்.
கிட்ட வந்தால் இரண்டு.
லாரியா, ஜோடி போட்டு வரும் இரண்டு பைக்கா?
பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.
லாரி என்றால்
விளக்குக்கும் விளக்குக்கும் நடுவில் உள்ள தூரம்
மாறாது.

ஆவுடைச்செல்வியைக் கூப்பிட்டேன்.
பாதித் தூக்கத்தில் சொன்னாள்:
"டிஎம்எஸ்ஸப் பாத்தியாட்டி?
அது ஒத்தையாத்தானே இருக்கணும்."

சுழியத்தில் நிற்கிறது டிஎம்எஸ்.
பன்னிரண்டு ஹைட்ரஜனுக்கும் ஒரே குரல்.
சிலிக்கான் கொடுத்த இரண்டு குட்டிக் காதுகளை விட்டுவிட்டால்
பிளக்க அதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை.
பெருக்கிப் பார்த்தேன்.
இடது பக்கம் கால் நீட்டியிருந்தது.
மைனஸ் மூன்றில் அதுவும் உடைந்து
பக்கத்தில் ஒரு பொய்த்தங்கை.

அப்படியென்றால் கோணல் இலையில் இல்லை.
அன்றைக்கு அந்தக் காந்தம் சீராக இருக்கவில்லை.
சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கும்,
யாரோ ஒருவர்
போதும் என்று எழுந்து போயிருப்பார்.
நானும் அப்படி எழுந்து போனவள்தான், பல நாள்.

ஆனால் அழகு இதில் இருக்கிறது:
ஒற்றையாக இருக்க வேண்டியது
எப்படிக் கோணியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால்
அந்தக் கோணலைக் கொண்டே
மற்ற எல்லாவற்றையும் வகுத்துவிடலாம்.
மென்பொருளில் மூன்றாவது பட்டியலுக்குக் கீழே
அதற்கும் ஒரு பொத்தான்.
இரண்டு வருடமாக நான் தொடாத பொத்தான்.

தொட்டேன்.
மின்விசிறி நாலு சுற்றுச் சுற்றியது.
சுழியத்தில் டிஎம்எஸ் ஊசியாய் நின்றது.
ஐந்து புள்ளி ஒன்று இரண்டில்
ஒன்றுக்கும் மூன்றுக்கும் ஏழு புள்ளி ஆறு ஹெர்ட்ஸ்.
இரண்டுக்கும் நான்குக்கும் ஏழு புள்ளி ஆறு.
இரண்டு வண்டி,
ஒன்றையொன்று லேசாக மறைத்துக்கொண்டு.
இரண்டும் சர்க்கரை.
இரண்டும் ஏற்கெனவே பேர் உள்ளவை.

புதிதாக ஒன்றும் இல்லை
என்று எழுத ஒரு வரி போதும்.
எழுதினேன். பக்கத்திலேயே
தட்டிய எண்கள் அத்தனையும் எழுதினேன்,
மைனஸ் மூன்றையும் சேர்த்து.

நான்குக்கு வலப்பக்கம்
புல் நுனி அளவுக்கு ஒன்று இன்னும் இருந்தது.
பெருக்கினால் போகிறது, குறைத்தால் வருகிறது.

நாலு என்று ஆவுடைக்கு அனுப்பினேன்.
தூங்கவில்லை போல.
மத்த மூணு? என்று கேட்டாள்.

ரெண்டு காந்தத்தோடது.
ஒண்ணு தெரியல.