எடை இழப்பு

முதலில் உப்புத்தாள்.
நானூறு, அறுநூறு, ஆயிரம் என்று
நயமாகிக்கொண்டே போகும்.
விரல் நீள இரும்புத் துண்டில்
என் மூக்கு மங்கலாகத் தெரியும்வரை தேய்ப்பேன்.
அசிட்டோனில் கழுவி, கைபடாமல்
இடுக்கியால் தூக்கித் தராசில் வைத்து
கண்ணாடிக் கதவைச் சாத்தி
மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
நாகர்கோவிலில் எந்த ஜன்னலை அடைத்தாலும்
ஆனி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்று
எப்படியோ உள்ளே வந்து
நான்காவது தசமத்தை ஆட்டிக்கொண்டிருக்கும்.

வேப்பிலை வேண்டாம் என்றார் வழிகாட்டி,
எல்லோரும் காய்ச்சிவிட்டார்கள்.
துளசி, மருதாணி, நொச்சி
எல்லாவற்றுக்கும் கட்டுரை இருக்கிறது.

குலசேகரத்தில் ரப்பர் மூடுகளுக்கு நடுவே
ஆடு மோந்துவிட்டு விலகும் ஒரு செடி.
கம்யூனிஸ்ட் பச்சை.
யார் வைத்த பெயரோ, வெட்ட வெட்ட வரும்.
பால்வெட்டும் கத்தி கையில் பட்டால்
கசக்கி வைப்பார்கள், ரத்தம் நிற்கும்.
ரத்தத்திலும் இரும்புதானே என்று ஒரு நினைப்பு.
அறிவியல் இல்லை அது.
இருந்தாலும் ஒரு சாக்கு நிறையப் பறித்தேன்.
'எதுக்காக்கும் இந்தக் காட்டைக் கெட்டிட்டுப் போறிய?'
என்று நடத்துநர் கேட்டார்.
லக்கேஜ் சீட்டும் கிழித்தார்.

அமிலம் மட்டும் இருந்த குவளையில்
இரும்பு உடனே கொதித்தது,
சோடா உடைத்த மாதிரி.
இலைநீர் கலந்த குவளையில்
கட்டன்சாயா நிறத்துக்குள்
அதே இரும்பு
ஏதோ யோசனையில் கிடந்தது.
எப்போதாவது ஒரு குமிழ்.

இரண்டு மணி நேரம்.
தொண்ணூற்று ஒன்று புள்ளி மூன்று சதவீதம்.
அறுபது டிகிரிக்குச் சூடேற்றினால்
இலை பிடியை விட்டுவிடுகிறது, அறுபத்திரண்டு.
ஒன்பதாம் நாள் குப்பியின் வாயில்
வெள்ளையாகப் பூஞ்சை.
துருவைத் தள்ளிப்போட வந்தது
தானே கெட்டுப்போனது.
அதையும் எழுதினேன், மறைக்கவில்லை.

கோணம் தொழிற்பேட்டையில்
வில்பிரட் சாரின் ஷெட்.
போல்ட்டுக்குத் துத்தநாகம் பூசுமுன்
துரு போக அமிலத்தில் முக்கி எடுப்பார்கள்.
இரண்டு கேன் இலைநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு
நோட்டைத் திறந்து நின்றேன்.
கனகபாய் கூடையை இறக்கினாள்.
ஏற்றினாள்.
மறுபடி இறக்கினாள்.
பிறகு மூக்கில் கட்டியிருந்த ஈரத் துண்டை
அவிழ்த்துத் தோளில் போட்டாள்.

'இன்னைக்கு கண்ணு எரியல்ல, கேட்டியா.
என்னத்த இட்ட பிள்ளே?'

குமிழ் உடையும்போது
அமிலத்தைப் பொடித்துளியாகக் காற்றில் ஏற்றும்.
குமிழ் குறைந்தால் புகை குறையும்.
எனக்குத் தெரியும், பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன்.
அந்தப் புகை பதினோரு வருடமாக
ஒருத்தியின் கண்ணுக்குள் போகிறது என்பதை
எங்கும் எழுதியதில்லை.

வில்பிரட் சார் லிட்டர் என்ன விலை என்றார்.
இலை சும்மா கிடைக்கும் என்றேன்.
'சாக்கும் பஸ்ஸும் சும்மாவா?'
கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார்.
போல்ட்டில் மிச்சமாகும் இரும்பையும் கணக்கில் சேர்த்தார்.
பார்ப்போம் என்றார்.
கண்ணை யாரும் சேர்க்கவில்லை,
நானும் அப்போது வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் போனபோது கேன் காலி.
கனகபாய் துண்டைத் திரும்பக் கட்டியிருந்தாள்.
அதற்கு மேலே சிவந்த இரண்டு கண்கள்
என் கையில் சாக்கு இருக்கிறதா என்று பார்த்தன.

இரவு விடுதியில் அட்டவணையை எடுத்தேன்.
துண்டு எண், முன் எடை, பின் எடை, இழப்பு.
ஓரத்தில் ஸ்கேல் வைத்து
இன்னொரு கோடு இழுத்தேன்.
தலைப்பில் கனகபாய் என்று எழுதிவிட்டேன்.
அடைப்புக்குறிக்குள் அலகு போட வேண்டும்.
அங்கேதான் பேனா நிற்கிறது.