கரண்டிக் கணக்கு

சர்க்கரை என்று நாக்கில் வைத்து
உடனே துப்பினான் பெர்தெபாய்.

நகமளவு தூள்தான்.
ஜீவார் குவளைத் தண்ணீரை ஊற்ற
ஊதி, கலங்கி,
மீன்சினை போல விளிம்புவரை நிற்கிறது.
உள்ளே யூரியா.
ஒரேயடியாய்க் கொட்டாதாம்;
வேர் வந்து கேட்கக் கேட்க
கொஞ்சம் கொஞ்சமாய்.

ஆரல் கடலின் அடித்தரை இது.
மேலே பருத்திக்கு வாரி இறைத்த மருந்தெல்லாம்
ஆற்றோடு வந்து படிந்த இடம்.
காற்றடித்தால் இன்னமும்
பல்லில் நறநறக்கும்.

குழிக்கு ஒரு கரண்டி.
அதன்மேல் சாக்சால் கன்று.

"அளந்து கொடுக்க
இப்பத்தான் தெரிஞ்சுதா?"
முகத்துணிக்குள்ளிருந்து கேட்கிறான்.

ஜீவார் நிமிரவில்லை.
கரண்டியில் ஒட்டிய கூழை
விரலால் வழித்து
அதே குழியில் உதறுகிறாள்.
இன்னும் நானூற்றுப் பதினாறு.