இடது புருவம்

பெர்கன், 1842

வருஷத்தில் முக்கால்வாசி மழை பெய்யும் ஊரில்
வெயிலை நம்பிக் கடை போட்டார் என் முதலாளி.
வெள்ளித் தகட்டைத் தேய்ப்பது என் வேலை.
அதைப் பாதரச ஆவியில் காட்டுவதும் என் வேலைதான்;
போன குளிரில் கடைவாய்ப் பல் இரண்டு ஆடத் தொடங்கின.

அஸ்லாக் வந்தான், வடக்கே மீன் பிடிக்கப் போகிறவன்,
மனைவி குரோவோடும் ஒரு நாயோடும்.
பின்மண்டையை இரும்புக் கவட்டையில் பொருத்தினேன்.
தொண்ணூறு எண்ணும்வரை அசையாதே.
சிரிக்காதே, சிரிப்பு அவ்வளவு நேரம் நிற்காது.

முப்பதில் மேகம் வந்தது.
எண்ணிக்கையை இருநூறாக்கினார் முதலாளி.
நூற்றுப் பத்தில் நாய் எழுந்து போய்விட்டது.

தகட்டில் நாய் இருந்தது,
அதன் வயிற்றுக்குள் தரைப்பலகையின் கோடுகள் ஓடின.
செம்பட்டைத் தாடி கரியாகியிருந்தது.
நீலக் கண்கள், வெந்த மீனின் கண்கள்.
இந்த மருந்துக்குச் சிவப்பு தெரியாது என்றேன்,
நீலம் தேவைக்கு மேல் தெரியும்.

அஸ்லாக் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.
"நானேதான். தாடி கத்தரிக்கும்போது
கண்ணாடியில் எதிரே நிற்பானே, அவன்."

குரோ வாங்கிப் பார்த்தாள்.
"இவருக்குத் தழும்பு இடது புருவத்தில்.
இவன் வலதில் வைத்திருக்கிறான்."

இடவலம் மாறித்தான் விழும், அம்மா.
வேறொன்று?
பிரதி எடுக்க முடியாது. மறுபடி உட்கார வேண்டும், மறுபடி காசு.
"அப்படியானால் இவருக்குத் தெரிகிற இவரை
இவரே வைத்துக்கொள்ளட்டும்" என்று
கதவருகே போய் நின்றுகொண்டாள்.
அவன் வெள்ளிக்காசுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான்.

மார்ச்சில் தனியாக வந்தாள்.
கேட்கவில்லை நான். துறைமுகத்தில் பெயர்கள் ஒட்டியிருந்தார்கள்.
"உங்களிடம் பெரிய கண்ணாடி இருக்கிறதே."

வாடிக்கையாளர் தலைவாரும் கண்ணாடிமுன்
தகட்டைத் தூக்கிப் பிடித்தாள்.
தழும்பு கடந்து வந்தது
இடது புருவத்துக்கு.

பளிங்கு போலத் தேய்த்த தகடு, தேய்த்தது நான்.
மணிக்கட்டு இம்மி நகர்ந்தால் கறுப்பு வெளுக்கும்,
அவன் போய் ஜன்னல் வரும், மேகம் வரும்.
அசையாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
உள்ளுக்குள் எண்ணிக்கொண்டும் இருந்திருக்கிறேன்,
நாற்பதோ, நாற்பத்தொன்றோ.

கண்ணாடிக்கு என்ன தரவேண்டும் என்றாள்.
விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.
அதில் கண்ணாடி இல்லை.