வீழ்ச்சிக்கான காரணம்

கொழும்பிலிருந்து மின்னஞ்சல்:
திருகோணமலைக் கிளை, தொடக்கம் முதல் இன்றுவரை
விற்ற கார்கள், ஆண்டுவாரியாக. வெள்ளிக்கு முன்.
நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வரைபடம் வேணுமாம்,
இடமிருந்து வலமாக ஏறுகிற மாதிரி.

பேரேட்டின் முதல் வரி: ஒன்று.
ஒஸ்டின், கறுப்பு, துறைமுகத்து வெள்ளைக்காரருக்கு.
மறு வருடமும் ஒன்று.
அதற்கடுத்து இரண்டு. அதிலொன்று
அதே ஒஸ்டின்தான், கைமாறி,
சவரிமுத்து முதலாளியின் பேரில்.
கிளாக்கர் இரண்டு தரம் எண்ணியிருக்கிறார்.
நான் திருத்தவில்லை.

பிறகு ஏழு. பதினொன்று.
போர்க்கப்பல்கள் வந்து நின்ற வருடங்களில்
வெறும் பக்கம், நடுவில் ஒரு பெற்றோல் கூப்பன்.
ஐம்பதுகளில் டொக்டர், புரொக்டர்,
சீதனமாய் ஒரு மொறிஸ் மைனர்
(பென்சிலில்: மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியாது).
இறக்குமதிக்குப் பூட்டு விழுந்த எழுபதுகளில்
மூன்றே மூன்று.
பூட்டுத் திறந்ததும் கோடு ஏறத் தொடங்கியது,
உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியர் போட்டதுபோல.

பிறகு எண்பத்துமூன்று.
பிறகு பூச்சியம். நாலு. பூச்சியம். பூச்சியம்.

அட்டவணையில் ஒரு நிரல்: வீழ்ச்சிக்கான காரணம்.
பெட்டிக்குள் இருபது எழுத்துத்தான் அடங்கும்.
அந்த நாலில் ஒன்றை, புது வேனை,
தம்பலகாமச் சந்தியில் திறப்போடு விட்டுவிட்டு
நடந்துபோன பரஞ்சோதி வீட்டு ஆறு பேரின்
பெயர்களுக்கே அது போதாது.
“சந்தை மந்தம்” என்று அடித்தேன்.
மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.
மற்ற வருடங்களைக் கணினியே நிரப்பிக்கொண்டது:
சந்தை மந்தம், சந்தை மந்தம்,
பின்முற்றத்துக்குள் கடல் வந்து
பதினான்கு புதுக் கார்களை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போன
இரண்டாயிரத்து நாலிலும்
சந்தை மந்தம்.

அதன்பிறகு பாலம்.
கிண்ணியாப் பாதையில் ஒரு தடவைக்கு
இத்தனை கார் என்று கணக்கிருந்தது,
காத்திருந்தவர்கள் இறங்கித் தேத்தண்ணி குடித்தார்கள்.
பாலத்துக்குக் கணக்கில்லை.
இருநூறு. ஐந்நூற்று நாற்பது.
வாங்கியவர் பெயர் சிறுத்து
லீசிங் கம்பனியின் பெயர் பெருத்தது.
எழுநூறைத் தொட்டபோது மறுபடி பூட்டு,
மறுபடி இரண்டு, ஒன்று,
விழாவுக்குச் சரியாக மறுபடி திறப்பு.

இன்று காலை கிண்ணியாவிலிருந்து ஜெஸீமா டீச்சர்,
வெள்ளை வேகன் ஆர், அஞ்சு வருடத் தவணை.
கையெழுத்துப் போட்டு, திறப்பை வாங்கி
வாசலுக்கு வந்தால்
காரின் நிழலில் ஒரு புள்ளிமான்,
முன்சில்லில் முதுகைச் சாய்த்து அசைபோட்டபடி.
ஹோர்ன் அடிக்கவா என்றேன்.
“வேணா, எழும்பட்டும்.
அஞ்சு வருசம் கிடக்குத்தானே.”

உள்ளே கடைசிப் பெட்டியில்
கேர்சர் மினுங்கிக்கொண்டிருக்கிறது.
இன்னும் ஒன்று கூட்டவில்லை.
கார் இன்னும் போகவில்லையே.