இதர வாகனங்கள்

நான்காவது மாடியில் எனக்கு ஜன்னல் கிடையாது,
பதினாறு திரைகள் உண்டு.
வைத்தியநாதன் மேம்பாலத்து இறக்கம்,
மூலக்கடை, மின்ட், எண்ணூர் சாலை
எல்லாம் சத்தமில்லாமல் ஓடும்.
ஹாரன் இல்லாத வடசென்னையை
முதல் வாரம் என்னால் நம்பவே முடியவில்லை.

கம்பத்துக்குக் கம்பம் கேமரா.
வண்டிகளை எண்ணி, வகை பிரித்து,
எந்தப் பக்கம் நெரிசலோ அந்தப் பக்கம்
பச்சையை நீட்டித் தரும் மென்பொருள்.
அது தடுமாறும் படங்கள் என்னிடம் வரும்.
நான் பெட்டி வரைந்து பெயர் வைக்க வேண்டும்:
கார், பஸ், லாரி, ஆட்டோ, பைக், சைக்கிள், இதர.

மீன்பாடி வண்டி அந்தப் பட்டியலில் இல்லை.
பின்னால் சைக்கிள், முன்னால் பலகை,
அடியில் எந்தக் காலத்து மொபெட்டின் எஞ்சினோ,
மேலே ஐஸ், ஐஸ் மேல் சாக்கு,
சாக்கின் மேல் காலாட்டிக்கொண்டு ஓர் ஆள்.
'இதர' என்று அழுத்தினேன்.
காசிமேட்டிலிருந்து விடிவதற்குள்
நூற்று நாற்பது இதர.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
துறைமுக வாசலுக்காக ஆறு மணி நேரம் நிற்கும்.
அசையாததை எல்லாம் 'பார்க்கிங்' என்று எழுதிவிடும் மென்பொருள்.
ஒரு டிரைவர் வண்டி நிழலில் ஸ்டவ் பற்றவைத்தார்,
தீ விபத்து என்று என் திரை சிவந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
ரசம் என்று நினைக்கிறேன்.
பொங்குமுன் இறக்கிவிட்டார்.

மழை நாளில்
சுரங்கப்பாதை வாயில் தேங்கிய தண்ணீரில்
விழுந்த முகப்பு விளக்குகளையும் சேர்த்து எண்ணி
வராத வண்டிகளுக்குத்
தொண்ணூறு நொடி பச்சை கொடுத்தது.
திருத்தாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறை சொல்லவில்லை.
கொருக்குப்பேட்டையில் கிளம்பிய ஆம்புலன்ஸுக்கு
ஸ்டான்லி வரைக்கும் ஒவ்வொரு சிக்னலாய்
முன்கூட்டியே பச்சை விழுந்ததை
இதே நாற்காலியில் இருந்து பார்த்தேன்,
சுருட்டிய பாயை உதைத்து விரித்த மாதிரி பாதை.
அன்றைக்கு நானும் ஷகீராவும் கைதட்டினோம்.

ஷிப்ட் முடிந்து
பதினேழாம் கம்பத்தின் கீழ்தான் நான் சாலையைக் கடப்பேன்.
நிமிர்ந்து கேமராவைப் பார்ப்பேன்.
நடக்கிறவர்களுக்கு வகை கிடையாது.

போன வியாழன், நாலே முக்கால்.
அதே பதினேழு குழம்பியது.
சாலை நிறைய ஆட்கள், எண்ணிக்கை பூஜ்யம்.
காத்திருப்பவர் எவருமில்லை என்று
குறுக்குத் தெருவுக்குப் பச்சை போட்டது.
நடுவில் பூப்போர்த்திய வண்டி ஒன்று,
முன்னால் தப்பட்டை,
சத்தம் எனக்கு வராது,
ஆடுகிறவன் தோள் மட்டும் வரும்.
குறுக்கே பாய்ந்த தண்ணீர் லாரி
ஹாரனை அழுத்திப் பிடித்திருக்கிறது என்பது
ஓரத்து நாய் துள்ளியதில் தெரிந்தது.

கைமுறைக்கு மாற்றினேன்.
மற்ற எல்லாப் பக்கமும் சிவப்பு.
காரணம் கேட்டது, காரணம் இல்லாமல் விடாது.
விபத்து. பழுது. வெள்ளம். முக்கியப் பிரமுகர்.
'இதர' அந்தப் பட்டியலில் இல்லை.
எனக்குப் பத்து நொடி இருந்தது,
நாலு போதுமாயிருந்தது.

பதினோரு நிமிடம் போனார்கள்.
போன பிறகு தார் முழுக்கச் சாமந்தி.
அதுவும் என்னவென்று புரியாமல்
கேமரா எனக்குப் படம் அனுப்பியது.
பெட்டி வரையவில்லை.

மாதக் கூட்டத்தில் மகபூப் சார் கேட்டார்:
"பதினேழில் வி.ஐ.பி. யாரும்மா?
நமக்குத் தகவலே வரலையே."

சுவரொட்டியைப் பெரிதாக்கிப் படித்து வைத்திருந்தேன்.
"எ. தேசிங்கு சார். அறுபத்தொரு வயசு. காலடிப்பேட்டை."

அவர் அறிக்கையின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.
நடுவில் 'ங்' உண்டா என்று மட்டும் கேட்டார்.
உண்டு என்றேன்.