பன்னிரண்டில் ஏழு

மார்ச் முதல் திங்கள்.
வால்டிவியாவில் மழை, வேறென்ன.
பாலம் கடந்து தீவுக்குப் போகும் பேருந்தில்
ஓராண்டுக்குப் பிறகும் என் இடம் காலியாக இருந்தது.
எனக்காக இல்லை என்று தெரியும்,
உட்கார்ந்தேன்.

மடியில் பை. பைக்குள் புத்தகம்.
புத்தகம் என்றா சொன்னேன்?
பாசிகளைப் பற்றிப் பன்னிரண்டு அத்தியாயம் என்று
எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவள் நான்.
ஏழு இருக்கிறது.
ஏழாவது ஒரு காற்புள்ளியில் நிற்கிறது,

வாசலில் குடையை உதறிக்கொண்டே
"முடிச்சாச்சா, இஸ்மெனியா?" என்றார் பவுதிலியோ.
கிட்டத்தட்ட, என்றேன்.
அந்தச் சொல் மட்டும் இல்லாவிட்டால்
எத்தனை பேர் வேலைக்குத் திரும்பியிருக்க முடியும்?

செயலர் ஒத்திலியா ஒரு படிவம் நீட்டினாள்.
விடுப்பின் நோக்கம்.
அடைந்தவை.
அடையாதவை, காரணத்துடன்.
மூன்றாவதற்கு இரண்டே இரண்டு கோடுகள்.

இரண்டு கோட்டில் எப்படி எழுத,
ஏப்ரல் முழுக்க ஒரே அடிமரத்தின் முன்
மண்டியிட்டுக் கிடந்ததை?
லென்ஸில் துளி விழும், துடைப்பேன், விழும்.
கடுகளவு உறையின் மூடி கழன்று
வித்துத்தூள் பறக்கும் கணத்தைக்
கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று.
பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றத் திரும்பினேன்.
அந்த இடைவெளி போதுமாக இருந்தது அதற்கு.

மே மாதம் அடுத்த வீட்டு ரெமிஹியோ
குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.
விறகு பிளக்க ஆளில்லை.
ஒரு வாரம் என்றுதான் போனேன்.
ஆகஸ்ட் வரை பிளந்தேன்.
நன்றி சொல்கிற ஜாதி இல்லை அந்த மனிதர்,
சீட்டாட்டத்தில் வேறு ஏமாற்றுவார்.
ஈர விறகும் காய்ந்த விறகும்
கோடரிக்கு வேறு வேறு குரலில் பதில் சொல்லும்.
இதை எந்த அத்தியாயத்தில் சேர்க்க?

ஓசோர்னோவில் இருக்கும் தம்பிக்குக் கடிதம்,
படகை யார் விற்றது என்ற பழைய தகராறு.
நாலு முறை தொடங்கி நாலு முறை கிழித்தேன்.
ஐந்தாம் முறை நேரிலேயே போய் நின்றேன்.
வீடு பூட்டியிருந்தது.
பேருந்துச் சீட்டின் பின்புறத்தில்
"வந்திருந்தேன்" என்று எழுதிக் கதவிடுக்கில் செருகினேன்.
இன்றுவரை பதில் இல்லை.
சீட்டு விழுந்து போயிருக்கலாம்.
விழாமலும் இருந்திருக்கலாம்.

நீச்சலும் இருந்தது பட்டியலில்.
ஜனவரியில் ஆற்றுக்குள் இடுப்பளவு இறங்கினேன்.
மீன் சந்தைப் பக்கமிருந்து வந்த கடல்சிங்கம் ஒன்று
தலையை மட்டும் தூக்கி, மீசையோடு,
பரீட்சை மேற்பார்வையாளரைப் போலப் பார்த்தது.
ஏறி வந்துவிட்டேன்.

அரைக்கிணறு தாண்டியவள் என்பார்கள்.
சரி.
அந்த நடுவில் தண்ணீர் இருந்தது,
குளிர்ந்த, இருண்ட, நல்ல தண்ணீர்.
எனக்குத்தான் நீந்தத் தெரியவில்லை.

இரண்டு கோட்டிலும் "மழை" என்று எழுதினேன்.
படிக்காமலே முத்திரை குத்தினாள் ஒத்திலியா.

என் அறையில் யாரோ சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்கள்.
நாட்காட்டி போன பிப்ரவரியில்.
சன்னல் சட்டத்தின் ஓரம், ரப்பர் உரிந்த இடத்தில்,
விரல் அகலத்துக்குப் பச்சை.
நான் காடு காடாகத் தேடிக்கொண்டிருந்தபோது
இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.
பெயர் தெரியும்.
ஒன்பதாம் அத்தியாயத்தில் வர வேண்டியது.

அடுத்த நீள்விடுப்புக்கு இன்னும் ஏழு வருடம்.
அதுவரை அந்தக் காற்புள்ளி பொறுக்குமா?
பெயரிலேயே கால் இருக்கிறது,
உருவத்தில் வால்.
தலைப்பிரட்டை அது.
ஒரு காலையில் தாளை விட்டுக் குதித்துப் போய்விடும்.

சைக்கிள் கைப்பிடிக்கு அடியில் கை நுழைத்து
விளக்கைப் போட்டேன்.
பத்துக்கு வகுப்பு. இருபது நிமிடம் இருக்கிறது.
அடுத்து என்ன சொல்ல வந்தேன் என்பது
சுத்தமாக மறந்துவிட்டது.
காற்புள்ளிக்குப் பக்கத்தில்
"ஈரம் இருக்கும்வரை" என்று எழுதிவைத்தேன்.
பிறகு அடித்துக்கொள்ளலாம்.