என்ன அலுவல்?

போயா விடுமுறை. மாங்குளம் சந்தியில்
கண்டி வீதியை முதுகுக்குப் பின்னால் விட்டோம்.
பஸ் ஒன்றின் ஹோர்ன் மட்டும்
சற்றுத் தூரம் துரத்தி வந்து
களைத்து நின்றது.
பிறகு செயின் சத்தம்தான்,
யோகமலரின் மட்கார்டில்
ஆணி கழன்ற கிடுகிடுப்பு.

நாலு இடத்தில் மறித்துக் கேட்டார்கள்.
"எங்க போறியள்?"
பனங்காமம்.
"ஆற்ற வீட்டை?"
ஒருத்தற்ற வீட்டையும் இல்லை.
"அப்ப என்ன அலுவல்?"
சும்மா. சைக்கிள் ஓட.
மல்லாவிக் கடைக்காரர்
சீனி அள்ளிய கரண்டியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு
எங்களைப் பார்த்தார்.
"காணி பாக்கப் போகினம்" என்று
பக்கத்து மேசைக்கு விளங்கப்படுத்தினார்.

அவரில் பிழையில்லை.
இந்தப் பக்கம் சைக்கிள் சும்மா ஓடியதில்லை.
விறகு, நெல்மூட்டை,
சேலைன் போத்தலைத் தானே தூக்கிப் பிடித்திருந்த ஆள்,
ஒருமுறை கூரைத் தகரம் பதினாறு,
அதன்மேல் தையல் மெசின்,
அதன்மேல் கோழிக்கூடு.
இன்று என் கரியரில்
ஒரு போத்தல் தண்ணீர்,
இரண்டு ரொட்டி, கட்டைச் சம்பல்.
பாரமில்லாத பின்சில்லு
பள்ளங்களில் துள்ளுகிறது
பழக்கமில்லாமல்.

வவுனிக்குளக் கட்டில் ஏறினோம்.
ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல்,
நடுவே எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு வீதி.
யானை இலத்தி காய்ந்து கிடந்தது, வளைந்து போனோம்.
காற்று எதிரே வந்தது. வேறு யாரும் வரவில்லை.
இரண்டு கையையும் விட்டு ஓட்டினேன்,
நாற்பத்தாறு வயதில்,
ஆரும் பார்க்காத துணிவில்.

பாலைப்பழம் பொறுக்கித் தின்று
உதடுகள் ஒட்டிக் கிடந்த நேரம்
முன்சில்லு இறங்கியது.
டியூபைக் கழற்றிக் குளத்தில் தாழ்த்தினோம்.
எந்தக் காலத்து அரசன் வெட்டிய குளமோ,
அதன் ஓரத்தில் என் டியூப்
மூன்று இடத்தில் குமிழ் விட்டது.
சொலூசன் காய்ந்து கல்.
"பழத்தின்ர பால் ஒட்டுமோ?" என்றேன்
வாயை முழுதாய்த் திறக்க ஏலாமல்.
பூசிப் பார்த்தோம்.
உதட்டில்தான் ஒட்டும்.

யோகமலர் எழும்பி வயலுக்குள் இறங்கினாள்.
ஆரோ குவித்துவிட்டுப் போன வைக்கோலில்
ஓர் அணைப்பு அள்ளி வந்து
திரித்தாள், முறுக்கினாள்,
டயருக்குள் பெருவிரலால் அழுத்தி அழுத்தித் திணித்தாள்.
சாமான் தடையிருந்த வருசங்களில்
இப்படித்தான் பள்ளிக்கூடம் போனோம்.
கவிழ்த்துவைத்த சைக்கிளின் பெடலை ஒருத்தர் சுற்ற
டைனமோவில் ரேடியோ கேட்டோம்.
என் கைக்கு மறந்திருந்தது.
அவள் கைக்கு மறக்கவில்லை.
அதைப்பற்றி ஒன்றும் சொல்லவுமில்லை.
"இன்னும் கொஞ்சம் தா" என்று
வைக்கோலைக் கேட்டாள்.

டொக்கு டொக்கென்று பனங்காமம் சேர்ந்தேன்.
வன்னியர் இருந்து ஆண்ட ஊர் என்று
படித்துவிட்டு வந்திருந்தோம்.
வாய்க்காலில் குளித்த பொடியனிடம்
கோட்டை எங்கே என்றோம்.
"கோட்டையோ?"
சவர்க்கார நுரைக் கையால் காட்டைக் காட்டினான்,
மூன்று திசைக்கும்.
பிறகு அவனும் ஒரு கேள்வி கேட்டான்.
என்ன கேட்டிருப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

போய்ப் பார்த்தோம்.
வீரை மரம், கறையான் புற்று,
மண்ணுக்குள் பாதி புதைந்த ஓட்டுத்துண்டு ஒன்று.
அரண்மனைப் பானையோ,
போன வருசம் உடைந்த சட்டியோ.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

திரும்பும் ஒழுங்கையில்
சிவலைக் கன்று ஒன்று பின்னால் வந்தது.
மிதித்தால் நடந்தது, நின்றால் நின்றது.
மூன்றாம் முறை நின்றபோது
முன்னால் வந்து, நாக்கை நீட்டி,
டயர் விளிம்பில் பிதுங்கிய வைக்கோலை
ஓர் இழுவை.
யோகமலர் சிரித்துச் சிரித்து
வாய்க்கால் கரையில் இருந்துவிட்டாள்.

அன்று முழுதும் அந்தப் பாதையில்
எங்களைத் தொடர்ந்து வந்தது அது ஒன்றுதான்.
மூவரிலும் அதற்கு மட்டுமே
ஓர் அலுவல் இருந்தது.